ஒரு நாள் பிந்திய கத்திரி

மைனி,

இன்று காலை குக்கருக்குப் புதிய ரப்பர் வளையம் ஒன்று வாங்கிவந்தேன். காகித உறையைக் கிழித்ததும் கந்தகமும் வெந்த ரப்பரும் கலந்த வாடை எழுந்தது. நெய்யாற்றின்கரையில் என் வாடகை வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தவள், பாறசாலையில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக்கூரை ஷெட்டுக்குள் போய்விட்டேன். கை தன்போக்கில் வளையத்தை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தது. உள்விளிம்பில் பிசிறு இருந்தது. உங்கள் ஷெட்டிலிருந்து இப்படி ஒன்று வெளியே போயிருக்காது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழவேண்டியவர்கள் அழுது முடித்துவிட்டார்கள். எனக்கு அழுகை சீக்கிரம் வராது, உங்களுக்குத் தெரியும். எனக்கு வருவது சந்தேகம்தான். உங்களைப் பற்றியும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு அந்த ஷெட்டைப் போட்டபோது நம் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. திவான் காலத்திலிருந்து பேனா பிடித்த குடும்பம், கரியும் கந்தகமும் என்ன தொழில் என்றார்கள். கணவர் இறந்ததும் நீங்கள் அதை மூடிவிடுவீர்கள் என்று எதிர்பார்த்தார்கள். நீங்கள் மூடவில்லை. அம்பூரியிலிருந்து ரப்பர் ஷீட் வரும். நீங்கள் அச்சில் வைத்து பிரஸ்ஸில் வேகவைப்பீர்கள். வேலைக்கு வரும் ஓமனாவும் மற்ற பெண்களும் வளையங்களின் பிசிறை வளைந்த கத்திரிகளால் நறுக்கி எடுப்பார்கள். தண்ணீர் பம்புக்கும் லாரி பிரேக்குக்கும் போகிற வளையங்கள். கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்த நான் சனிக்கிழமைகளில் வந்து உங்களுக்கு வேண்டிய ஆங்கிலக் கடிதங்களை எழுதித் தருவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எழுதவேண்டிய கடிதங்கள் குறைந்துபோயின. நாட்டின் சந்தை திறந்துவிட்டது என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். திறந்த வழியே வந்த மலிவு வளையங்கள் மார்த்தாண்டத்துக் கடைகளில் கொத்துக்கொத்தாகத் தொங்கின. பம்பாயிலிருந்து உங்கள் மகன் ஃபோனில் விடாமல் கேட்டான். மூடிவிட்டு வா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றான். இந்த வருஷத்துக்குள் பெரிய வேலை எதுவும் வராவிட்டால் வந்துவிடுகிறேன் என்று நீங்கள் அவனுக்கு வாக்குக் கொடுத்தீர்கள். ஃபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"அவனுக்க பிளாட்டுல ஜன்னலத் தொறந்தா எதுத்த வீட்டுச் செவரு. அங்க போயி எதப் பாத்துட்டு இருப்பேன் மக்கா?"

அந்த வருஷம்தான் விமானக் கம்பெனி ஒன்றின் சார்பில் பெங்களூர்க்காரர் வந்தார். வெளிநாடுகள் சில சேர்ந்து ஒரு போர்விமானம் செய்கின்றன, அதன் சில்லறைப் பாகங்களை இந்தியாவில் சின்னச் சின்னக் கம்பெனிகளிடமிருந்தே வாங்கப்போகிறார்கள், ரப்பர் விளையும் மண்ணிலேயே ரப்பர் வளையம் வாங்குவதுதானே நியாயம் என்றார். ஆங்கிலத்தில் பேசினார், நான் தமிழில் சொன்னேன். அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நீங்கள் தலையாட்டினீர்கள். நான் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைமீது நீங்கள் தாம்பாளத்தில் பரப்பிவைத்திருந்த வளையங்களில் ஒன்றைக்கூட அந்தக் கைகள் எடுக்கவில்லை.

கார் போனதும் சொன்னேன்.

"மைனி, சாமான் வாங்க வந்தவன் சாமானத் தொட்டுப் பாக்க மாட்டானா?"

"கையில கரி பத்தும்னு பயந்திருப்பாரு. வெள்ளச் சட்டையில்லா?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு செய்வீங்கன்னு கேக்கல்ல. ரப்பருல என்ன சேக்கீங்கன்னு கேக்கல்ல. எத்தன பொம்பளைங்க வேல பாக்காங்கன்னு மட்டும் ரெண்டு தடவ கேட்டாரு."

"உனக்கு சாமி மேலயும் சந்தேகம், காருல வந்தவன் மேலயும் சந்தேகம். நல்லவேள, உன்னக் கெட்டிக்க ஒருத்தனும் வரல்ல. ஆம்பளதானான்னு அவனையும் கேட்டிருப்ப."

ஓமனா கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் உங்களை நான் வேறு ஆளாகப் பார்த்தேன். அவர் கொடுத்துவிட்டுப் போன வரைபடத்தை ஷெட்டுச் சுவரில் ஒட்டினீர்கள். அச்சைத் திருவனந்தபுரத்தில் கடைந்து வாங்கினீர்கள். பம்பு வளையத்தில் ஒரு நூலளவு கூடினாலும் பம்பு ஓடும். இதில் அது ஆகாது. வெந்து வந்த வளையங்களை நீங்களே அளந்து, நீங்களே குப்பைக் கூடையில் போட்டீர்கள். கூடை நிறைந்தது. பிறகு மெல்ல மெல்லக் கூடையில் விழுவது குறைந்தது.

ஒரு சனிக்கிழமை கேட்டேன், இந்த வளையம் விமானத்தில் எந்த இடத்தில் உட்காருகிறது என்று.

"எண்ண போற கொழாயில எங்கயோ. ஒழுகாம இருக்கத்தான். எங்க ஒழுகினாலும் ஒழுக்குதானே."

"அது சண்ட வண்டியாக்கும் மைனி. யாருக்க தலையில குண்டு போடப் போகுதோ."

நீங்கள் பிரஸ்ஸின் கைப்பிடியை இறுக்கினீர்கள்.

"அது நான் யோசிக்காம இல்ல. ராத்திரி படுத்தா யோசன வருது. காலையில பம்பாய்க்காரன் ஃபோன் வருது. எது பெருசுன்னு நீ சொல்லு, நீ படிச்சவ."

எனக்குத் தெரியவில்லை.

பிறகு பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. வெளிநாட்டு அதிகாரி ஒருவருடன் நேரில் வந்து, வேலை நடப்பதைப் பார்த்து முடிவு செய்வோம், நவராத்திரி முடிந்ததும் எந்த நாள் வசதி என்று கேட்டிருந்தார்கள். நவராத்திரியின் கடைசியில் நம் பக்கத்தில் கருவிகளைப் பூஜை வைப்பார்கள். வைத்ததைப் பூஜை எடுக்கும்வரை தொடுவதில்லை. ஓமனாவும் மற்றவர்களும் தங்கள் கத்திரிகளைப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களோடு சேர்த்துப் பக்கத்துக் கோயிலில் கொண்டுபோய் வைப்பார்கள். விஜயதசமி காலையில் எடுத்து வருவார்கள். ஒருத்தியின் கத்திரியை இன்னொருத்தி தொடமாட்டாள். அவரவர் கைக்குப் பழகியது.

உங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்கும். ஒன்று மலையாளம், ஊரோடும் வேலைக்கு வருகிறவர்களோடும் ஒத்துப்போக. மற்றது தமிழ், குழித்துறையில் உங்கள் பிறந்த வீட்டிலிருந்து வருஷம் தவறாமல் வந்து சேர்வது. நல்ல நாள், கெட்ட நாள், அமாவாசை எல்லாம் நீங்கள் அந்தத் தமிழ்த் தாளில்தான் பார்ப்பீர்கள். கேரள எல்லைப்புறத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான். பெரும்பாலும் இரண்டும் ஒன்றையே சொல்லும். கடிதம் வந்த அன்று நீங்கள் தமிழ்த் தாளைக் கிழக்கே திரும்பி நின்று பார்த்து, "விஜயதசமி வியாழக்கிழம. அன்னைக்கே வரச் சொல்லு, நல்ல நாளு" என்றீர்கள். நான் வியாழன் என்று எழுதி அனுப்பினேன். பக்கத்தில் தொங்கிய தாளை நம் இருவரில் யாரும் பார்க்கவில்லை.

வியாழன் காலை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிரஸ்ஸில் சந்தனம் வைத்து, நெற்றியில் உங்களுக்கும் சந்தனம். முதல் அச்சு வெந்துகொண்டிருந்தது. பெண்கள் பாலராமபுரம் கைத்தறிச் சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். கைகள் வெறுமையாக இருந்தன.

"கத்திரி எங்கடீ?"

"அம்பலத்தில உண்டு அக்கா."

"எடுத்துட்டு வரல்லியா?"

"நாளைக்கில்லா பூஜ எடுப்பு," என்றாள் ஓமனா.

"இன்னைக்கில்லாடீ விஜயதசமி!"

"அது உங்க தமிழ் விஜயதசமி. எங்களுக்கு நாளைக்காக்கும்."

நீங்கள் வீட்டுக்குள் ஓடினீர்கள். நானும் பின்னால் வந்தேன். இரண்டு காலண்டர்களும் ஒரே ஆணிவரிசையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. ஒன்று வியாழன் என்றது, மற்றது வெள்ளி என்றது. திதி எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் முடிகிறது என்பதை இரண்டு காலண்டர்காரர்களும் இருவிதமாகக் கணக்கிட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

புதிய கத்திரி வாங்கித் தருகிறேன் என்று நீங்கள் ஓமனாவிடம் கெஞ்சியது நினைவிருக்கிறது.

"கத்திரி புதுசா இருந்தா என்னக்கா, கை பழசில்லா? இன்னைக்கு தொழில் தொடப்பிடாது. கோவிச்சுக்காதீங்க. துக்கம் எங்களுக்கும் உண்டு."

நீங்கள் அவளை வற்புறுத்தவில்லை. ஒரு சவரபிளேடை எடுத்துக்கொண்டு நீங்களே உட்கார்ந்தீர்கள். உங்களுக்கு வேகவைக்கத் தெரியும், அளக்கத் தெரியும், நறுக்கத் தெரியாது. இரண்டு வளையங்கள் வெட்டுப்பட்டன. மூன்றாவதை எடுக்கும்போது காரின் ஹாரன் கேட்டது.

வெள்ளைக்காரர் உயரமாக, வெயிலில் சிவந்து, பணிவாக இருந்தார். பிசிறோடு கிடந்த வளையங்களைப் பார்த்தார். ஏன் நறுக்கவில்லை என்று கேட்டார். கத்திரிகள் கோயிலில் இருக்கின்றன, நாளைக் காலைதான் வரும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆங்கில வாக்கியங்களிலேயே விசித்திரமானது அது. கோயிலிலா என்று திரும்பக் கேட்டுவிட்டுச் சிரித்தார். இகழ்ச்சியான சிரிப்பு இல்லை என்று அப்போது தோன்றியது. பரவாயில்லை, நாளைக் காலை மறுபடியும் வருகிறோம் என்றார். பெங்களூர்க்காரர் தோளில் தொங்கிய கேமராவை எடுத்தார். பெண்கள் எல்லோரும் பிரஸ்ஸின் முன்னால் நிற்கவேண்டும், அதிகாரி நடுவில் நிற்பார் என்றார். படம் எடுத்தார். இன்னொன்று எடுத்தார். பெண்களைச் சிரிக்கச் சொல்லி மூன்றாவது எடுத்தார். நான் தள்ளி நின்றுகொண்டேன். இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கத்திரிகள் வந்துவிட்டன. அன்று அந்தப் பெண்கள் நறுக்கிய வளையங்களில் குறை கண்டுபிடிக்க எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. தாம்பாளத்தில் வாழையிலை விரித்து அவற்றை அடுக்கினீர்கள். மத்தியானம் வரை யாரும் சாப்பிடவில்லை. வீட்டு ஃபோனில் வெளியூருக்குப் பேச வழியில்லாததால், மூன்று மணிக்கு மேல் நான் சந்திப்பிலிருந்த எஸ்டிடி பூத்துக்குப் போய், அவர்கள் தங்கியிருந்த திருவனந்தபுரம் லாட்ஜுக்கு ஃபோன் செய்தேன். வியாழன் காலையிலேயே அறையைக் காலிசெய்துவிட்டார்கள் என்றார் மேசையில் இருந்தவர்.

வியாழன் காலை. அதாவது நம்மிடம் வருவதற்கு முன்பே. நாளை வருகிறோம் என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னபோது பெட்டிகள் காரில் இருந்திருக்கின்றன.

அதை நான் அன்று உங்களிடம் சொல்லவில்லை. போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் வீட்டுக்குள் போய், தமிழ்க் காலண்டரைக் கழற்றிச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டீர்கள். "ரெண்டு மாட்டினது எனக்க தப்பு. இந்த வீட்டுக்கு வந்தப்பறமும் அந்த வீட்டு நாளப் பாத்துட்டு இருந்தேன் பாரு." பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஓமனாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு அது ஆறவே இல்லை. பத்து நாள் இருக்கும், நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் செல்வராஜைப் பார்த்தேன். இரும்புக் கிளாம்ப் செய்கிறவர், அண்ணனுக்குத் தெரிந்தவர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். அவர் பட்டறையில் பூஜையும் கிடையாது, காலண்டர் குழப்பமும் கிடையாது.

"உங்ககிட்டயும் வந்தாங்களா?"

"வந்தானுக டீச்சர். எல்லாம் எண்ண போட்டுத் தொடச்சு வச்சிருந்தேன். பட்டறையப் பாக்கவே இல்ல, படம் பிடிச்சானுக, போனானுக. பாலராமபுரத்துல தறிக்காரங்ககிட்டயும் போயிருக்கானுக. பிளேன் சீட்டுல கெட்டுக வாருக்கு நாடா வேணுமாம். எவனுக்கும் ஒண்ணும் குடுக்கல்ல."

"பின்ன எதுக்கு வந்தாங்க?"

"கிராமத்து ஆளுகளையும் சேத்துக்கிட்டோம்னு எங்கயாவது காட்டணும்லா? நம்ம மூஞ்சி அங்க போச்சு, நாம இங்க இருக்கோம்."

பஸ்ஸில் வரும்போது எல்லாம் சரியாகப் பொருந்தியது. தொடப்படாத வளையங்கள், இரண்டு முறை கேட்கப்பட்ட கேள்வி, காலிசெய்த அறை, மூன்று படங்கள். ஆதாரம் என்று காட்ட ஒன்றும் இல்லை. ஆனாலும் என் சந்தேகம் சரியென்று ஆகிவிட்டது என்ற திருப்தி எனக்கு இருந்தது, ஒளிக்கமாட்டேன். அதைவிட, உங்கள் தலையிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிவைக்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

நீங்கள் ஷெட்டில் தனியாக இருந்தீர்கள். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். லாட்ஜையும் சொன்னேன்.

"வேற லாட்ஜுக்கு மாறியிருப்பானுக," என்றீர்கள்.

"செல்வராஜுக்கும் கிடைக்கல்லியே மைனி."

"அவனுக்க கிளாம்பு அவ்வளவுதான்."

"மைனி, நான் சொல்லுகது உங்களுக்குப் புரியல்லியா? அது உங்க தப்பு இல்ல. ஓமனாவுக்கத் தப்பும் இல்ல. கத்திரி இருந்திருந்தாலும் தந்திருக்க மாட்டானுக. மொதல்லயிருந்தே ஏமாத்து."

நீங்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். கோபம் இல்லை. ஒரு பிடிவாதம் இருந்தது.

"ஒரு நாளுல போச்சுன்னா, நான் அதுக்குக் கிட்டக்க போனவளாக்கும். நீ சொல்லுகது போலன்னா நான் எங்கயும் போகல்ல. இந்த ஷெட்டுலயே கெடந்து கூத்து காட்டினேன், அவ்வளவுதான். இதுல எத நான் வச்சுக்கிடணும்னு நீ சொல்லுக?"

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"போட்டும். நாளைக்கு ஓமனாகிட்ட இதச் சொல்லிடாத. ஒரு நாளுல போச்சுன்னு அவளுக்கு வருத்தம் உண்டு. ஆனா அவ கையி அந்த அளவுக்கு வேல செய்யும்னு இப்ப அவளுக்குத் தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பம்பாய் ஃபோன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். வேலை கிடைக்கவில்லையே, வாக்கு என்ன ஆயிற்று என்று அவன் கேட்டிருக்கவேண்டும். நீங்கள் குரலை உயர்த்திச் சொன்னீர்கள்: "கெடைக்காமப் போகல்ல மக்கா, ஒரு நாளுல தட்டிப் போச்சு. வெள்ளைக்காரனே வந்து பாத்தான். காலண்டர்ல வந்த பெசகு. அடுத்த பிராவசியம் விடமாட்டேன். நீ ஒரு ஆளப் பாத்து வச்சுக்க குழந்தைக்கு." அந்தப் பக்கத்திலிருந்து அவன் சிரிப்பது எனக்கே கேட்டது. பிறகு அவன் வற்புறுத்தவில்லை.

நீங்கள் சொன்ன அடுத்த தடவை வரவில்லை. எந்தக் காரும் வரவில்லை. ஆனாலும் நீங்கள் அது வரப்போகிறது என்பதுபோலவே வேலை செய்தீர்கள். பம்பு வளையத்தையும் விமான வளையத்தைப்போல அளந்தீர்கள். ஒவ்வொரு நாள் வெந்ததையும் தனித்தனியாக வைத்தீர்கள். மார்த்தாண்டத்துக் கடைக்காரர் ஒருவர், மலிவு வளையம் மூன்று மாதத்தில் விரிந்துபோகிறது, உங்களுடையது அப்படியே நிற்கிறது என்று திரும்பி வந்தார். அவரை வைத்து இன்னும் இருவர். ஷெட் ஓடியது. பெரிதாக ஓடவில்லை. நீங்கள் காய்ச்சலில் விழுந்த வாரம்வரை ஓடியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உங்கள் மகன் என்னை ஷெட்டுக்கு அழைத்துப்போனான். பிரஸ்ஸை எடுத்துக்கொள்ள ஆள் பேசிவைத்திருந்தான். ஓமனாவும் மற்ற பெண்களும் தாங்களே நடத்துகிறோம், வாடகைக்கு விடு என்று கேட்டிருந்தார்கள். அவனுக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. ஓமனா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அத்த, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அம்மா சொல்லுவாங்களே, பிளேன் கம்பெனி வேல ஒரு நாளுல தவறிடுச்சுன்னு. அது நிஜமா? இல்ல, எங்கிட்ட வராம இருக்கிறதுக்குச் சொன்னதா? இவங்க அந்த அளவுக்கு வேல செய்வாங்களா?"

கேள்வி மூன்று. அவன் ஒன்றாகவே கேட்டான். வாசலில் ஓமனா அசையாமல் நின்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் நாக்கின் நுனியில் இருந்தது. லாட்ஜு, செல்வராஜ், தறிக்காரர்கள், படங்கள். இருபத்தைந்து வருஷமாக வகுப்பில் எதையும் ஆதாரம் கேட்காமல் நம்பாதே என்று சொல்லிவந்தவள் நான்.

"ஒரு நாள்தான் மக்கா," என்றேன். "நான் பக்கத்துல நின்னவ."

அவன் சாவியை ஓமனாவிடம் கொடுத்தான்.

இப்போது எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான். நீங்கள் அதை உண்மையிலேயே நம்பினீர்களா, மைனி? அல்லது லாட்ஜு கதையை நான் சொன்ன அந்த நிமிஷமே எல்லாம் புரிந்துகொண்டு, எதை வைத்துக்கொள்ளவேண்டும் என்று முடிவு செய்தீர்களா? அன்று ஷெட்டில் நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். சில நாள் ஒருவிதமாகத் தெரிகிறது, சில நாள் மற்றவிதமாக. பெங்களூர்க்காரரை நான் ஒரே பார்வையில் சந்தேகித்தேன். உங்களை இவ்வளவு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊரில் யாராவது அந்தக் கதையைக் கேட்டால், ஒரு நாளில் போயிற்று என்றுதான் சொல்கிறேன். அதை நான் நம்பவில்லை. ஆனால் சொல்லும்போது என் குரல் நடுங்குவதில்லை.